ஆயில் சூடாகாத ஜனவரி

அரங்கராசன் ஆறு வருடம் தன் கார் ஷெட்டில் ஒரு சின்ன விமானம் கட்டினார். இரண்டே இருக்கை. அவருக்கு வயது அறுபத்தொன்று. அவருடைய ஆசிரியை ஜெசிந்தாவுக்கு முப்பத்து மூன்று. கனடாவின் பனிச் சமவெளியில் ஒரு சிறு ஓடுதளத்தில் விமான மெக்கானிக். அவர் அவளை "டீச்சர்" என்பார். தூத்துக்குடிக்காரியான அவள் அவரை "அண்ணாச்சி" என்பாள்.

ஜனவரி வந்தது. மைனஸ் பதினெட்டு.

"எவ்வளவு நேரம் பறந்தாலும் ஆயில் சூடாக மாட்டேங்குதுங்க டீச்சர்."

"ஆயில்ல ஈரம் தங்கிரும் அண்ணாச்சி. உள்ள துருப்பிடிக்கும். காத்தைக் கொஞ்சம் குறைக்கணும். நாளைக்கு வாரேன், சேர்ந்து பார்ப்போம்."

அவரால் பொறுக்க முடியவில்லை. பிள்ளைக்குச் சளி பிடித்ததுபோல் தவித்தார். விமானத்தின் மூக்கில் காற்று நுழையும் இரண்டு வாய்களையும் டேப் ஒட்டி முக்கால்வாசி மூடினார்.

மறுநாள் காலை தனியாக ஒரு சுற்று போய் வந்து, மனைவி கோதைநாயகியை முதன்முதலாக ஏற்றிப் போவதாக இருந்தார். ஜெசிந்தா வந்தபோது விமானம் மேலே ஏறிக்கொண்டிருந்தது. நாலாவது நிமிடம் எஞ்சின் சத்தம் தணிந்தது. கோதைநாயகி ஜெசிந்தாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். விமானம் திரும்பி வந்து இறங்கும்வரை விடவில்லை.

அரங்கராசனின் முகம் வெளுத்திருந்தது.

"சிலிண்டர் சூடு சிவப்புக் கோட்டைத் தாண்டிருச்சுங்க. இவளையும் ஏத்திட்டுப் போயிருந்தா..."

"ஆயில்?"

"அது இன்னும் குளிர்ந்துதான் கெடக்குது."

ஜெசிந்தா டேப்பைப் பார்த்தாள். திட்டவில்லை.

"ஏனுங்க, ஜில்லுன்னு இருக்குது" என்றாள் கோதைநாயகி.

உடனே அவர் தன் கோட்டைக் கழற்றி அவளுக்குப் போர்த்தினார். காதை மூடி மஃப்ளர் சுற்றினார். காரிலிருந்து கம்பளி கொண்டு வந்தார். கண் மட்டும் வெளியே தெரிந்தது.

"போதுங்க, மூச்சு முட்டுது."

"குளிருதுன்னியே?"

"காலுதானுங்க."

ஜெசிந்தா பனியில் மண்டியிட்டாள். கோதைநாயகியின் ஷூவைக் கழற்றி, பாதத்தை இரு கையாலும் தேய்த்தாள். தன் பையிலிருந்த தடித்த காலுறையை மாட்டிவிட்டாள்.

"இப்ப எப்படி மதினி?"

"இடது கால் சரியாயிருச்சு கண்ணு. வலதுதான்."

ஜெசிந்தா வலது காலை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

அரங்கராசன் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு விமானத்திடம் போய், ஒட்டியதையெல்லாம் உரித்தார்.

"குளிருறது ஆயிலுக்கு. நான் மூடுனது சிலிண்டருக்குப் போற காத்தைங்க, டீச்சர்."

அவள் எஞ்சின் மூடியைத் திறந்து, ஆயிலைக் குளிர்விக்கும் கூலரைக் காட்டினாள். அதன் முகத்தில் மட்டும் நாலு விரல் அகலத்துக்கு டேப் ஒட்டினாள். இருவரும் அரைமணி நேரம் பறந்தார்கள். ஆயில் முள் மெல்ல ஏறியது. சிலிண்டர் முள் தன் இடத்தில் நின்றது.

மதியம் கோதைநாயகி ஏறினாள். இறங்கி வந்தும் வெகுநேரம் ஆகாயத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அரங்கராசன் நோட்டும் பேனாவும் எடுத்து வந்தார்.

"நாலு விரல்தானுங்களே? எழுதிக் குடுத்துருங்க டீச்சர். பனி போறவரைக்கும் அப்படியே வச்சுக்கறேன்."

ஜெசிந்தா நோட்டை வாங்கி, மூடி, அவர் கையிலேயே வைத்தாள்.

"அது இன்னைக்குக் குளிருக்கு அண்ணாச்சி. நாளைக்கு உள்ளதை நாளைக்கு எஞ்சின்கிட்டத்தான் கேக்கணும்."