வாலாட்டிக் குருவி ஏன் கண்ணாடியைக் கொத்துகிறது?

அந்தக் காலத்தில் தண்ணீருக்குத் திருப்பிக் கொடுக்கிற பழக்கமே கிடையாது. தன்மேல் எது விழுந்தாலும் அமுக்கி வைத்துக்கொள்ளும். மீனும் பறவையும் வெயிலும் வாய்விட்டுப் பேசிக்கொண்ட காலம் அது.

வெயிலாள் என்று ஒருத்தி இருந்தாள். சூரியனின் மகள். ஒவ்வொன்றையும் தொட்டு, அதன் உருவத்தை எடுத்துச் சுமந்துகொண்டு போவதுதான் அவளுக்கு வேலை. யார் கண்ணிலாவது கொண்டுபோய்ச் சேர்த்தால், அவர்கள் பார்ப்பார்கள். பாறைமேல் போட்டாலோ, சொரசொரப்பில் இடறி, அப்பளம்போல நொறுங்கி நாலாபக்கமும் சிதறிவிடும். அசையாமல் வழவழவென்று கிடக்கிற தண்ணீரில் மட்டும் கீறல் இல்லாமல் முழுசாகக் கிடக்கும். அதனால் சுமை கனத்தால் அங்கேயே போட்டுவிட்டுக் கைவீசிக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுவாள், மகராசி!

ஒரு குன்றின் உச்சியில் சுனை ஒன்று இருந்தது. குடிக்க வந்தவர்களின் உருவமெல்லாம் அதில் பாய் அடுக்கினதுபோல ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்தன. கொட்டாவி விட்ட குரங்கு, காது சொறிந்த முயல், எல்லாம் இருந்தன. மயில் இருக்கிறதே, அது தாகமே இல்லாவிட்டாலும் நாளைக்கு நாலு தடவை வரும். அதன் உருவம் மட்டும் ஐம்பது தேறும்.

சுனை ஓரத்தில் சிலுப்பி என்கிற வாலாட்டிக் குருவி, கணவன் நெடுவாலனோடு குடியிருந்தாள். ஒருநாள் காலையில் நெடுவாலன் தண்ணீர் குடித்துவிட்டுத் தலையை நிமிர்த்தினான். எங்கிருந்தோ பாய்ந்த வல்லூறு அவனைத் தூக்கிக்கொண்டு போய்விட்டது. கண்மூடித் திறப்பதற்குள் எல்லாம் முடிந்தது. குனிந்தபோது தண்ணீரில் விழுந்த அவன் உருவம் மட்டும் மிஞ்சியது. வெள்ளைப் புருவமும் தூக்கிய வாலுமாக, கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பான்போல இருந்தான்.

சிலுப்பி அழுதாள். அழுது முடித்ததும் ஓர் ஆம்பல் இலையை இழுத்துவந்து அவன்மேல் போர்த்தினாள். மயிலோ குரங்கோ வந்து அவன்மேல் தங்கள் உருவத்தைப் போட்டுவிட்டால் என்ன ஆவது? காலையும் மாலையும் இலையை விலக்கி ஒரு பார்வை பார்ப்பாள். தன் உருவமே அவனை மறைத்துவிடுமோ என்று பயந்து, அதையும் பாறை நிழலில் ஒதுங்கி நின்றுதான் பார்ப்பாள். அந்தக் கரைக்கு யார் வந்தாலும் கண்ணைக் கொத்தப் பாய்வாள். மானே அலறி ஓடியதென்றால் பார்த்துக்கொள்ளுங்கள், இத்தனூண்டு குருவிக்கு!

ஒருநாள் இலையோரமாக அயிரைமீன் ஒருத்தி தலை நீட்டினாள்.

"அக்கா, கொஞ்சம் வெளிச்சம் வேணும்."

"வெளிச்சமா? என்னிடம் ஏது?"

"உள்ளே கும்மிருட்டாக இருக்கிறது. பாசிகூட முளைக்கவில்லை. மூன்று தடவை முட்டையிட்டேன், மூன்று தடவையும் அழுகிப்போச்சு. வெயிலாளிடம் அழுதேன். தான் போட்டதையெல்லாம் தானே எடுத்துக்கொண்டு போவதாகச் சொல்லிவிட்டாள். ஆனால் அடுக்கிய பாயை மேலிருந்துதானே எடுக்க வேண்டும்? மேலே கிடப்பது நம்ம மாமா. இலை மூடியிருப்பதால் அவளால் தொட முடியவில்லை. நீ விலக்குகிற ஒரு நொடி அவளுக்குப் போதவில்லை."

"மாமாவா? யாருக்கு யார் மாமா?" சிலுப்பி சீறினாள். "எனக்கென்று இருப்பது இது ஒன்றுதான். இன்னொரு தடவை கேட்டால் உன்னை முழுங்கிவிடுவேன், ஜாக்கிரதை!"

அயிரை விருட்டென்று உள்ளே போய்விட்டாள்.

மறுநாள் காலை சிலுப்பி வழக்கம்போல இலையை விலக்கினாள். இலைக் காம்பில் கொத்தாக ஏதோ ஒட்டியிருந்தது. முட்டைகள்! நாளைக்கு இரண்டு தடவை இலை விலகும்போது உள்ளே நுழைகிற துளி வெளிச்சமாவது கிடைக்கட்டும் என்று அயிரை அங்கே கொண்டுவந்து ஒட்டியிருந்தாள். சிலுப்பிக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. நிழலை விட்டு ஓரடி முன்னால் வந்து உற்றுப் பார்த்தாள். ஒவ்வொரு முட்டைக்குள்ளும் கடுகை விடச் சின்னதாக இரண்டு கருப்புப் புள்ளிகள் இருந்தன. அவை கண்கள் என்று புரிய அவளுக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று. எல்லாக் கண்ணும் வெளிச்சம் வந்த பக்கமே திரும்பியிருந்தன.

இலையை மூட அலகால் பிடித்தாள். மனசு கேட்கவில்லை. பிடித்தாள், விட்டாள், மறுபடியும் பிடித்தாள். கடைசியில் முட்டையிருந்த காம்பைத் தண்ணீரிலேயே விட்டு, இலையை மட்டும் கொத்திக் கிழித்துக் கரைக்கு இழுத்துப்போட்டுவிட்டு, வானத்தைப் பார்த்துக் கத்தினாள்.

"வெயிலாளே, வந்து எடுத்துக்கொண்டு போ! ஆனால் ஒன்று. இனிமேல் யாருடைய உருவத்தையும் எங்கேயும் விட்டுவிட்டுப் போகாதே. நான் படுகிற பாடு இன்னொருத்திக்கு வேண்டாம்."

வெயிலாளுக்கும் கண் கலங்கிவிட்டது. "சத்தியமாகச் செய்கிறேன், பெண்ணே. வழவழப்பான எதன்மேல் விழுந்தாலும் கொண்டுவந்ததோடு அந்தக் கணமே திரும்பிவிடுவேன். எந்தச் சாய்வில் இறங்குகிறேனோ அதே சாய்வில் மறுபக்கம் ஏறிப்போவேன். எதிரே யார் கண் இருக்கிறதோ அவர்கள் பார்த்துக்கொள்ளட்டும்."

சொன்னபடியே எடுத்தாள். நெடுவாலனின் உருவம் எழும்பி, சிலுப்பியின் கண்ணை ஒருதரம் தொட்டுவிட்டுப் போயிற்று. அவனுக்குப் பின்னால் மயில்களும் குரங்கும் முயலும் கிளம்பின. சுனையின் அடிக் கூழாங்கல்வரை வெயில் இறங்கியது. காம்பிலிருந்த முட்டைகள் துள்ளின. அயிரை சந்தோஷத்தில் சுற்றிச் சுற்றி வந்தாள்.

அவன் கிடந்த இடம் வெறுமையாக இருக்குமே என்று சிலுப்பி பயந்து பயந்து எட்டிப் பார்த்தாள். அங்கே வெள்ளைப் புருவத்தோடு ஒரு வாலாட்டி அவளையே பார்த்துக்கொண்டிருந்தது! வாலை ஆட்டினாள், அதுவும் ஆட்டியது.

"என்னங்க! நீங்களா? உயிரோடா இருக்கிறீங்க?"

"அடியே, அது நீதான்," என்றாள் வெயிலாள்.

"சும்மா இரு. எனக்கு என் புருஷனைத் தெரியாதா?"

அவளைச் சொல்லியும் குற்றமில்லை. வாலாட்டியில் ஆணும் பெண்ணும் ஒரே அச்சு. தன் முகம் எப்படியிருக்கும் என்று அவள் என்றைக்கு நின்று பார்த்தாள்? பறந்து போனால் அவனைக் காணவில்லை. திரும்பி வந்தால் முன்னாலேயே வந்து நிற்கிறான். குரல் மட்டும் கொடுப்பதில்லை. "உள்ளேயே இருந்தால் எப்படிங்க? வெளியே வாங்க!" என்று டொக் டொக்கென்று கொத்தினாள்.

அன்று முதல்தான் தண்ணீரும் கண்ணாடியும் எதையும் தமக்கென்று வைத்துக்கொள்ளாமல், நாம் எதிரே நிற்கும்வரை நம்மைக் காட்டிவிட்டு, நகர்ந்ததும் கையை விரித்துவிடுகின்றன. வாசலில் நிற்கிற பைக்கின் கண்ணாடியில் வாலாட்டிக் குருவி தொற்றிக்கொண்டு, அலகு வலிக்க வலிக்கத் தன் துணையை வெளியே கூப்பிடுவதும் அன்று முதல்தான்.