கருப்பு அட்டை

எஸ்தர் டீச்சரிடம் படமெடுக்கக் கற்றுக்கொண்டவர்களில் சொள்ளமுத்துதான் வயதில் மூத்தவர். டீச்சரைவிடவே பத்துப் பன்னிரண்டு வயது கூடுதல். ஆனாலும் வகுப்பில் முதல் வரிசையில் கையைக் கட்டிக்கொண்டுதான் உட்கார்ந்திருப்பார். மற்றவர்கள் கல்யாணம் காதுகுத்து எடுத்துப் பிழைக்க வந்தார்கள். அவருக்கு வேண்டியிருந்தது ஒரே ஒரு படம்.

அவருடைய தம்பி பால்பாண்டி வெடி கட்டுகிறவன். மாசி மாதம் வெடிமருந்துக் கொட்டகை தீப்பிடித்ததில் இறந்துபோனான். அவன் கட்டி முடித்த வாணங்கள் வேறொரு கிடங்கில் பத்திரமாக இருந்தன. அவற்றை அம்மன் கோவில் திருவிழாவான கொடைக்கு விடப்போகிறார்கள். விட்டு முடித்தால் அவன் கைவேலை என்று உலகத்தில் எதுவும் மிச்சமிருக்காது.

கொடையன்று பொழுது சாயும் நேரத்தில் குளத்தங்கரையில் இரண்டு கேமராக்களை ஸ்டாண்டில் நிறுத்தினார்கள்.

"ஒரு சந்தேகம் டீச்சர்," என்றார் சொள்ளமுத்து. "தம்பி வாணம் மட்டும் படத்துல விழணும். இசக்கி கட்டுனது விழக் கூடாது. அதுக்கு என்ன வழி?"

இசக்கி, பால்பாண்டியின் கூட்டாளி. கொட்டகை தீப்பிடித்தபோது டீ குடிக்கப் போயிருந்தான். அந்த ஒரு தம்ளர் டீயைச் சொள்ளமுத்து மன்னிக்கவில்லை. அன்றிலிருந்து அவனோடு பேச்சு வார்த்தை கிடையாது.

"அவரு டீக்குப் போகாம இருந்திருந்தா?" என்று கேட்டார் எஸ்தர்.

"ரெண்டு பேரும் செத்துப் போயிருப்பானுவ."

"அப்புறம் என்ன கோவம்?"

"அவன் இருக்கானே டீச்சர். அதான் கோவம்."

எஸ்தர் பையிலிருந்து ஒரு கருப்பு அட்டையை எடுத்துக் கொடுத்தார்.

"ஷட்டர் கடைசி வரைக்கும் திறந்தே இருந்தா, விழுறது எல்லாம் ஒரே படத்துல சேரும். லென்ஸுக்கு முன்னால அட்டையைப் பிடிச்சுக்கிடுங்க. வேண்டியது விரியும்போது மட்டும் அதை எடுங்க. மத்தது எதுவும் உள்ள வராது."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான். எது யாருதுன்னு எப்படிக் கண்டுபிடிப்பீங்க?"

சொள்ளமுத்துவுக்குச் சிரிப்பு வந்தது. மாசிக்குப் பிறகு அன்றுதான் சிரித்தார்.

"பச்சை, டீச்சர். அந்தப் பச்சை அவனைத் தவிர எவனுக்கும் வராது."

தீபாராதனை முடிந்தது. அக்கரையில் இசக்கி திரியைப் பற்றவைத்தான். முதல் வாணம் சிவப்பாக விரிந்தது. சொள்ளமுத்துவின் அட்டை அசையவில்லை. அடுத்தது பச்சை. அட்டையை எடுத்தார், அணைந்ததும் மூடினார். பிறகு சிவப்பு, மறுபடியும் சிவப்பு. மனிதர் வானத்தைக்கூடப் பார்க்காமல் குளத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். தண்ணீர் பச்சையானால் மட்டும் நிமிர்ந்தார். பக்கத்தில் எஸ்தரின் கேமரா எதையும் மறைக்காமல் திறந்தே இருந்தது.

எல்லாம் முடிந்ததும் கேமராத் திரையில் படம் தெரிந்தது. கருத்த வானத்தில் பச்சை மட்டும், பூப்பூவாக. சொள்ளமுத்து வேட்டி நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நினைத்ததைச் சாதித்துவிட்ட நிம்மதி அவருக்கு.

அப்போது இசக்கி கரையோடு நடந்து வந்தான். அவனுடைய இரண்டு கைகளும் முழங்கைக்கு மேல்வரை வெந்து ஆறியவை. டீக்கடையிலிருந்து ஓடிவந்து, எரிகிற கொட்டகைக்குள் புகுந்து பால்பாண்டியை வெளியே இழுத்துப் போட்ட கைகள் அவை. சொள்ளமுத்து முகத்தைத் திருப்பிக்கொண்டார். அதனால் அவன் எஸ்தரிடம்தான் சொன்னான்.

"டீச்சர், அண்ணாச்சிகிட்ட சொல்லிருங்க. இந்த வருசம் சிவப்பு பூராவும் பாண்டி கட்டுனது. அண்ணன் பார்த்து அசந்து போகணும்னு கட்டுனான். பச்சை இல்லைன்னா அண்ணன் தேடுவாருன்னு, அதை எனக்குச் சொல்லித் தந்து என்னையக் கட்டச் சொன்னான்."

சொள்ளமுத்து கையிலிருந்த அட்டையைப் பார்த்தார். தம்பி கடைசியாகக் கட்டியது அத்தனையையும் அவரே தன் கையால் மறைத்திருக்கிறார். படத்தை மறுபடி பார்த்தார். அதில் இருந்தது முழுக்க இசக்கியின் கைவேலை.

அவர் எஸ்தர் பக்கம் திரும்பினார்.

"டீச்சர், உங்க படத்துல இருக்கா?"

எஸ்தர் தன் கேமராவை அவர் பக்கம் திருப்பினார். சிவப்பும் பச்சையும் ஒன்றுக்குள் ஒன்று புகுந்து வானம் முழுக்க விரிந்திருந்தன. சொள்ளமுத்து சிவப்பை மட்டும் விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். போன தம்பியே கிடைத்துவிட்ட மாதிரி இருந்தது அவருக்கு. ஆனால் தொட்ட இடத்திலெல்லாம் பச்சையும் இருந்தது.

"இதுலேருந்து சிவப்பை மட்டும் தனியாப் பிரிச்சுத் தர முடியுமா டீச்சர்?"

இசக்கி வந்த வழியே திரும்பி நடந்தான்.

எஸ்தர் அவன் போவதைப் பார்த்தார். பிறகு சொள்ளமுத்துவின் கையைப் பார்த்தார்.

"பிரிச்சிரலாம் அண்ணாச்சி," என்றார். "மறைக்கிற அட்டை இன்னும் உங்க கையிலதான இருக்கு."