வெளுத்துப்போன தாம்பாளம்

மொட்டைப்பாறை என்று ஒரு பாளையம். அதற்கு ஒரு ராஜா, கெண்டியப்ப நாயக்கர். சூதாட்டப் பித்து. தம் சிவப்புப் பகடையை உருட்டிப் பதினைந்து வருஷமாகத் தோற்றதே இல்லை. அதிர்ஷ்டமாம். சரி, இருக்கட்டும்.

அந்த அரண்மனையில் உத்தியோகம் கொடுப்பதும் பகடைதான். வேலை கேட்டு வந்தவன், வேலையில் இருப்பவனோடு ஆட வேண்டும். அவனவன் பகடைக்காய் அவனவனுக்கு. மூன்று ஆட்டமும் வந்தவனே ஜெயித்தால், இருந்தவன் வெளியே. படிப்பு, அனுபவம் எல்லாம் எவன் கேட்டான்?

ஒரு நாள் பாஷாண பண்டிதர் வந்தார். பன்னிரண்டு வருஷம் ரசவாதம் படித்தாராம். செம்பைத் தங்கமாக்குவாராம். இந்தப் படிப்புக்கு என்ன வேலை கொடுப்பது என்று ராஜா தலையைச் சொறிந்தார். உப்பும் படிகாரமும் புழங்குகிற இடம் சாயக்கொட்டில் ஒன்றுதான். அங்கே இருந்தவன் சடையன். அரண்மனைத் துணிக்கும் சாயம் போடுவான், ராஜாவின் பகடைக்கும் போடுவான். ஆறு பிள்ளை. வேறு பிழைப்புத் தெரியாது.

ராஜாவின் தங்கத் தாம்பாளத்தில் ஆட்டம். பண்டிதர் காயை நிமிர்த்திப் பிடித்துக் கொஞ்ச நேரம் மந்திரம் சொன்னார். போட்டார். ஆறு. மறுபடி மந்திரம். மறுபடி ஆறு. சடையனுக்கு நாலு, மூன்று.

இன்னொன்று போனால் பிழைப்புப் போச்சு. காயை மாற்றிக்கொள்ளலாமே என்றான் சடையன். பண்டிதர் குரு, குலதெய்வம் எல்லாரையும் இழுத்து மறுத்தார். ராஜா மாற்றச் சொல்லிவிட்டார்.

சடையன் மந்திரம் எதுவும் சொல்லவில்லை. ஓங்கிப் போட்டான். காய் பிளந்தது. உள்ளிருந்து பாதரசம் உருண்டு ஓடியது. ஓடின இடமெல்லாம் தாம்பாளத்துத் தங்கம் வெள்ளி மாதிரி வெளுத்துவிட்டது.

"என் தாம்பாளம்டா" என்றார் ராஜா.

"பண்டிதர் சொன்னபடி உலோகத்தை மாத்திட்டார் மகராஜா. திசைதான் தப்பிப்போச்சு" என்றான் சடையன்.

சபை சிரித்தது. பண்டிதரைக் காணோம். வாசலில் செருப்பு மட்டும் கிடந்தது.

தம் ஆளின் சாமர்த்தியத்தில் ராஜாவுக்குப் பெருமை தாங்கவில்லை. ஊருக்கே கேட்கிற மாதிரி கேட்டார். "காய்க்குள்ளே ரசம் இருக்குன்னு உனக்கு எப்படிடா தெரிஞ்சுது?"

சடையன் ராஜாவின் மடியில் இருந்த சிவப்புப் பகடையைப் பார்த்தான். ராஜாவைப் பார்த்தான்.

"இங்கேயே சொல்லட்டுமா, மகராஜா?"

ராஜா ஒரு கணம் விழித்தார். அப்புறம் வயிறு குலுங்கச் சிரித்தார். தம் பட்டுச் சால்வையை எடுத்து, அவன் வாயும் மூடும்படி போர்த்திவிட்டார்.

அன்றோடு சாயக்கொட்டில் வேலைக்கு மட்டும் பகடை கிடையாது.