சுண்டுவிரல் பார்த்துக்கொண்ட வேலை

"நேத்து ஒரு பாட்டு முழுக்க நான் கிட்டாரைத் தொடவே இல்லைங்க மாஸ்டர். மண்டபத்துல ஒருத்தருக்கும் தெரியல."

சொன்னவர் பொன்னுராஜ். கல்யாண ஆர்க்கெஸ்ட்ராவில் இருபத்தாறு வருஷமாகக் கிட்டார். இனி அதைக் கீபோர்டிலேயே சமாளித்துக்கொள்ளலாம் என்று குழுத் தலைவர் சொல்லிவிட்டார். இவருக்கும் அது சரியென்றே பட்டுவிட்டது. கொடுமை அதுதான்.

கேட்டுக்கொண்டிருந்தவள் ஸ்டெல்லா. போத்தனூரில் பழைய வால்வு ரேடியோ, ஆம்ப்ளிஃபையர் எல்லாம் பழுது பார்ப்பவள். அவரைவிடப் பத்து வயது இளையவள். இருந்தாலும் பட்டறைக்கு வருகிற எல்லாருக்கும் அவள் மாஸ்டர்.

"அதுக்கு நான் என்னங்ணா பண்ணட்டும்?"

"இந்த ஆம்ப்பைப் போன வாரம்தான் வாங்குனேன். பழைய வால்வு செட்டு, ஊரையே எழுப்பும்னாங்க. இதுவும் என் கைக்கு வந்ததும் முனகுது. சரி பண்ணுங்க. இல்லைன்னா கிட்டாரையும் சேர்த்து இங்கயே வச்சுட்டுப் போயிடறேன். அலுத்துப்போச்சு."

அவள் பின்பக்கத்தைக் கழற்றிப் பார்த்தாள். மூடினாள். சுவிட்சைப் போட்டுவிட்டு டீ சொன்னாள்.

வால்வு சூடாகிற வரைக்கும் இருவரும் டீ குடித்தார்கள். அதற்குக்கூடப் பொறுமை இல்லாதவர்கள் இந்தச் சனியனை வாங்கவே கூடாது.

பிறகு ஆம்ப்பின் வால்யூமைக் கடைசி வரை திருப்பினாள்.

"வாசிங்க."

முதல் மீட்டலில் தகரக் கூரை அதிர்ந்தது. பக்கத்துக் கடையில் தையல் மெஷின் நின்றது. நாலாவது மீட்டலுக்குள் சத்தம் தேய்ந்து, தையல் மெஷின் திரும்ப ஓட ஆரம்பித்தது.

"பாத்தீங்களா, எப்படி அடங்குதுன்னு?"

"பாத்தேன்."

அவள் ஆம்ப்பைப் பார்க்கவில்லை. அவருடைய வலது கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இப்ப யாருங்ணா பாடறாங்க?"

"யாரும் பாடலையே."

"அப்புறம் யாருக்கு வழி விடறீங்க?"

பொன்னுராஜ் குனிந்து பார்த்தார். சுண்டுவிரல் கிட்டாரின் வால்யூம் திருகின் மேல் இருந்தது. முக்கால்வாசி குறைத்திருந்தது.

பாடகர் வாயைத் திறந்தால் கிட்டாரைக் குறைக்க வேண்டும். ஆர்க்கெஸ்ட்ராவில் சேர்ந்த அன்றைக்கே சொல்லிக் கொடுத்த பாடம். அவர் மறந்துவிட்டார். விரல் மறக்கவில்லை.

"இது எப்பலேர்ந்து..." என்றார். அவருக்கு வெட்கமாக இருந்தது.

ஸ்டெல்லா அந்தத் திருகை முழுதாக ஏற்றினாள். குறடால் அதன் மூடியைப் பிடுங்கித் தன் சட்டைப்பையில் போட்டுக்கொண்டாள்.

"ம், வாசிங்க."

வாசித்தார். சுண்டுவிரல் வழக்கம்போல் போய்த் தேடியது. மூடி போன திருகின் வழவழப்பான தண்டுதான் அகப்பட்டது. வழுக்கிக்கொண்டு திரும்பிவிட்டது.

சத்தம் குறையவில்லை. கூரை, ஜன்னல், தட்டில் கிடந்த ஆணிகள் எல்லாம் அதிர்ந்தன. தையல்காரர் வாசலில் வந்து நின்றார். பொன்னுராஜுக்குப் பயமாக இருந்தது. நிறுத்தவும் மனசில்லை.

நடுவில் ஒரு இடத்தில் விரல் தவறி, பிசகான ஸ்வரம் ஒன்று தெருவரைக்கும் போனது.

சட்டென்று உள்ளங்கையால் தந்திகளை அமுக்கினார். ஆம்ப் மட்டும் இரைந்துகொண்டிருந்தது.

"தப்பா வாசிச்சுட்டேன் மாஸ்டர்."

"கேட்டுச்சுங்ணா."