சிட்டம்மா போட்ட கொசுறு

முன்னொரு காலத்துல, ரொம்ப ரொம்ப முன்னால. எவ்வளவு முன்னாலன்னா, காலமே அப்பதான் கண் முழிச்சு சோம்பல் முறிச்சுக்கிட்டு இருந்தது. மண் இல்ல, மலை இல்ல, குந்தி உட்கார ஒரு கல்லு இல்ல. ஒளியூர்னு ஒரே ஒரு ராஜ்ஜியம் மட்டும் இருந்தது. அங்க இருந்த சனமெல்லாம் வெளிச்சம். வெறும் வெளிச்சம்தான், தொட்டா கையில ஒண்ணும் சிக்காது.

வெளிச்சத்துக்கு ஒரு குணம் உண்டு, நிக்கவே நிக்காது. ஓடும், ஓடும், ஓடிக்கிட்டே இருக்கும். அந்த ஊர்ல சிட்டம்மான்னு ஒருத்தி நிறம் வித்துக்கிட்டு இருந்தா. அவ ஓடிக்கிட்டே விப்பா, சனங்க ஓடிக்கிட்டே வாங்கும். ஒரு படி சிவப்பு அளந்தான்னா, மேல ஒரு கிள்ளு மஞ்சள் கொசுறு போடாம அவ கை அடங்காது. கேட்டாலும் போடுவா, கேக்காட்டியும் போடுவா.

அவளுக்கு ஒரு பொண்ணு, பேரு பவழம். ஓடுற ஓட்டத்துல "அம்மா, தூக்கு"ன்னு கையை நீட்டும். சிட்டம்மா தூக்கப் போவா, பிள்ளை கைக்குள்ள புகுந்து அந்தப் பக்கம் ஓடிப்போயிடும். பெத்ததுலேருந்து அந்தப் பிள்ளையை அவ ஒரு தடவைகூட இடுப்புல வச்சதில்ல. பாவம், வேற எதுக்கும் அவ ஆசைப்பட்டவ இல்ல.

இத்தனைக்கும் காரணம் சரிபாதியான்னு ஒரு மந்திரவாதி போட்டு வச்ச மந்திரம். அவன்கிட்ட கொதிக்கிற பானை ஒண்ணு இருந்தது. அதுலேருந்து வலம்புரி மணி ஒண்ணை எடுத்தா, கூடவே இடம்புரி மணி ஒண்ணு துள்ளிக் குதிச்சு வரும். இது வலப்பக்கம் சுழிச்சிருக்கும், அது இடப்பக்கம் சுழிச்சிருக்கும், மத்தபடி அச்சு அசல் ஒண்ணுதான். ரெண்டும் தொட்டுச்சோ போச்சு, பளிச்னு வெளிச்சமாயிடும். "இதுக்கு அது, அதுக்கு இது, தீர்ந்தது பாடு"ன்னு அவன் சிரிப்பான். எதுவுமே மிஞ்சாத ஊர்ல உடம்பு செய்ய எதை எடுக்கிறது?

சிட்டம்மா நேரா அவன்கிட்டயே போனா.

"ஐயா, நான் எம் மகளைத் தூக்கணும். அதுக்கு அவளுக்கு ஒரு உடம்பு வேணும்."

"ஜோடியில்லாம ஒரே ஒரு மணியை மிஞ்ச வச்சுக் காட்டு, மந்திரத்தை நானே எடுத்துடறேன்"னான் சரிபாதியான். "மூணு தடவை அள்ளிப் பாரு. ஆனா ஒண்ணு ரெண்டுன்னு வாய்விட்டு எண்ணி அள்ளணும். நீ எண்ணுற ஒவ்வொண்ணுக்கும் பானை ஜோடியை அனுப்பிடும். இன்னொண்ணு, பானை ஆறிக்கிட்டு வருது. ஆறிட்டா அப்புறம் மணியே கிடையாது." சொல்லிட்டு மந்திர அகப்பை ஒண்ணைக் கொடுத்தான்.

முதல் தடவை, "ஒண்ணு"ன்னு ஒரு வலம்புரியை அள்ளிக்கிட்டு ஓடினா. இடம்புரி பின்னாலேயே ஓடி வந்து தொட்டுச்சு. பளிச். "இதுக்கு அது, அதுக்கு இது, தீர்ந்தது பாடு."

ரெண்டாவது தடவை, கூட வந்த இடம்புரியை வீசித் தூர எறிஞ்சா. அப்ப உலகமே ஒரு சுளகு அகலம்தான், அது சுத்திக்கிட்டு வந்து மறுபக்கத்துல முட்டுச்சு. பளிச். "இதுக்கு அது, அதுக்கு இது, தீர்ந்தது பாடு."

மூணாவது தடவை அவளுக்கு ஒரு யோசனையும் வரல. பானை காலியாகிற வரைக்கும் அள்ளிப் பார்த்துடுவோம்னு உட்கார்ந்துட்டா... உட்கார எங்க இடம், ஓடிக்கிட்டேதான். ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு எண்ணி எண்ணி அள்ளுறா. பளிச், பளிச், பளிச். நடுவுல பவழம் வந்து "அம்மா, தூக்கு"ங்குது. "தோ முடிஞ்சுடும்டி கண்ணு"ங்குறா. கண்ணுல தண்ணி கட்டுது, எண்ணுறதை மட்டும் விடல. நூறு கோடி ஆச்சு. ஒரு அளவை முடிஞ்சதில்லையா? கை பாட்டுக்குப் பழக்கத்துல இன்னொரு வலம்புரியை அள்ளி மேல போட்டுச்சு. அவ அதைக் கவனிக்கவே இல்ல. அடுத்த நூறு கோடி முடிஞ்சது, இன்னொண்ணு போட்டா. அதுக்கடுத்த நூறு கோடிக்கும் அப்படியே.

பானை ஆறிடுச்சு. சரிபாதியான் குனிஞ்சு பார்த்தா, அங்க ஒரு குவியல் கிடக்குது. எல்லாம் வலம்புரி, ஒண்ணுக்கும் ஜோடியில்ல. அவ எண்ணின கணக்கை மூணு தரம் போட்டுப் பார்த்தான், மூணு தரமும் ஜோடிக்கு ஜோடி சரியா இருந்தது.

"இதையெல்லாம் நீ எண்ணினியா?"

சிட்டம்மா அப்பதான் பார்த்தா. "எதை? ஓ, இதுவா. கொசுறு ஐயா. கொசுறைப் போய் யாராவது எண்ணுவாங்களா?"

சரிபாதியான் ஆறின பானையைப் பார்த்தான், குவியலைப் பார்த்தான். எண்ணாத மணிக்குப் பானை எப்படி ஜோடி அனுப்பும்? "ஆதியிலேருந்து அளக்கிறேன் தாயி, இப்படி ஒரு கையை நான் பார்த்ததில்ல"ன்னு கும்பிட்டுட்டு மந்திரத்தை எடுத்தான். அப்புறம் அந்தக் குவியல் மேல அவனே மெல்ல உட்கார்ந்தான். அவனும் அதுவரைக்கும் உட்கார்ந்ததில்ல.

அந்தக் குவியல்தான் பின்னால நட்சத்திரம் ஆச்சு, கடல் ஆச்சு, நீங்க மத்தியானம் தின்ன வாழைப்பழம் ஆச்சு, இதோ கேட்டுக்கிட்டிருக்கிற உங்க ரெண்டு காதும் ஆச்சு. பளிச் பளிச்னு போன வெளிச்சம்கூட வீணாப் போகல, ஆறிப்போய் இன்னைக்கும் வானம் முழுக்கப் பரவிக் கிடக்குது. நூறு கோடிக்கு ஒண்ணு, அதுவும் ஒரு நிறக்காரி கை போட்டது. நெனச்சா எனக்கு இப்பவும் புல்லரிக்குது.

அதெல்லாம் பின்னால நடந்தது. முதல்ல நடந்தது இதுதான். ஓடி வந்த பவழத்துக்கு அந்த மணியில உடம்பு கூடிச்சு. கால் அந்தக் குவியல் மேல பட்டு தொப்னு சத்தம் வந்துச்சு. பிள்ளை மிரண்டுபோய் நின்னுச்சு. ஒளியூர்ல முதல் முதலா நின்னது அவதான்.

"அம்மா, தூக்கு."

சிட்டம்மா குனிஞ்சு தூக்கினா. இந்தத் தடவை பிள்ளை கைக்குள்ள புகுந்து ஓடல. இடுப்புல வச்சதும் இடுப்பு ஒரு பக்கம் சாஞ்சது.

"அடி ஆத்தி, என்ன கனம்டி நீ"ன்னு அழுதா, சிரிச்சா.

"கனமா இருந்தா கொஞ்சம் இறக்கி விடும்மா"ன்னான் உட்கார்ந்திருந்த சரிபாதியான்.

"இருக்கட்டும் ஐயா"ன்னா அவ. "கனமாவே இருக்கட்டும்."