அச்சில் வராத வரி

வேதரத்தினத்துக்குக் குரு வாய்த்தது மின்வாரியத்தில் ஓய்வு பெற்ற பிறகுதான். குருவோ அவரைவிட இருபது வயது இளையவர். பெயர் ஜெசிந்தா. கடலோர ஊர் ஒன்றின் மாலைப் பத்திரிகைக்கு ஆசிரியர்.

அந்தப் பத்திரிகையில் சேர்ந்து, தன் பெயருக்குக் கீழே ‘நிருபர்’ என்று அட்டை அடித்த நாள் முதல் நம்ம சீடருக்குக் கால் தரையில் பாவவில்லை.

“ஆசிரியரம்மா, நிருபர்னா என்ன அர்த்தம்னு பேத்தி கேக்குறா. செய்தியாளர்னா புரியுது. இது என்ன வார்த்தை?”

“நிருபம்னா அந்தக் காலத்துல கடிதம். அதை எழுதுறவர் நிருபர்.”

“அவ்வளவுதானா? கடுதாசி எழுதுறவனா நான்?” முகம் தொங்கிவிட்டது.

ஜெசிந்தா சிரித்தார். “கையில என்ன செய்தி?”

நீட்டினார். மீனவர் அந்தோணியும் இன்னும் இருவரும் போன படகு இரண்டு நாளாகக் கரை திரும்பவில்லை. காலையில் உடைந்த பலகை ஒன்று ஒதுங்கியிருந்தது. ‘படகு கவிழ்ந்து மீனவர் மூவர் பலி’ என்று கொட்டை எழுத்தில் தலைப்பு.

“யார் சொன்னா?”

“துறைமுகத்துல எல்லாரும் அப்படித்தாம்மா பேசிக்கிறாங்க.”

“அந்தோணி வீட்ல நம்ம பேப்பர் வாங்குறாங்களா?”

“அவர் சம்சாரம் சூசையம்மா தினம் வாங்கும். எழுத்துக்கூட்டிப் படிக்கும்.”

“வேற தாள் எடுங்கய்யா. மேல ‘அன்புள்ள சூசையம்மாவுக்கு’ன்னு போடுங்க. கீழ இதையே எழுதுங்க.”

இதென்ன பிரமாதம் என்று உட்கார்ந்தார். முதல் வரி வந்துவிட்டது. அடுத்த வரிக்குப் பேனா நகரவில்லை. சொல்லாமல் கொள்ளாமல் வண்டியை எடுத்துக்கொண்டு துறைமுகத்துக்கு ஓடினார்.

அந்தப் பலகை அந்தோணி படகுடையதுதானா என்று கேட்டார். அங்கே ஒருவராலும் அடித்துச் சொல்ல முடியவில்லை.

திரும்பி வந்து எழுதினார். படகு இன்னும் வரவில்லை. தேடப் போயிருக்கிறார்கள். ஒதுங்கிய பலகை எந்தப் படகுடையது என்று தெரியவில்லை. பலி என்ற சொல்லே அதில் இல்லை.

ஜெசிந்தா நிதானமாகப் படித்தார். ‘அன்புள்ள சூசையம்மாவுக்கு’ என்ற வரியை மட்டும் அடித்துவிட்டு அச்சுக்கு அனுப்பினார்.

வேதரத்தினத்துக்கு மனசு கேட்கவில்லை. “அந்த வரி போயிருச்சேம்மா. அவங்களுக்கு எழுதுனதுன்னு எப்படித் தெரியும்?”

ஜெசிந்தா தன் டீயில் பாதியை இன்னொரு டம்ளரில் ஊற்றி அவர் பக்கம் நகர்த்தினார்.

“ஆறுறதுக்குள்ள குடிங்கய்யா. படிக்கிறப்ப அவங்களுக்குத் தெரியும்.”