காட்டுப்பன்றியின் ஊற்றும் மரநாயின் பொய்த் தடமும்

காய்ந்து கிடந்த ஓர் ஆற்றில் ஒரு காட்டுப்பன்றி ஊற்று தோண்டி வைத்திருந்தது. அதன் பெயர் கூர்வாயன். மற்ற விலங்குகள் கொஞ்சம் கீறிப் பார்த்துவிட்டு, ஈரமே இல்லை என்று கைவிட்ட இடம் அது. கூர்வாயன் கைவிடவில்லை. கோரைப்பல் தேய, மூக்குத் தோல் உரிய, பாறை தட்டும்வரை தோண்டியது. பாறை இடுக்கிலிருந்து தண்ணீர் வந்தது. இளநீர் மாதிரித் தண்ணீர்.

மணலில் தோண்டிய ஊற்றுக்கு ஒரு குணம் உண்டு. ஓரத்து மணல் சரிந்துகொண்டே இருக்கும். ஆள் புழக்கம் இல்லாவிட்டால் ஒரு கோடைக்குள் மூடிப்போகும். அதனால் கூர்வாயன் ஒரு வழக்கம் வைத்திருந்தது. யார் வேண்டுமானாலும் குடிக்கலாம். குடித்தவர் காலால் ஒருமுறை மணலை வாரி மேலே எறிந்துவிட்டுப் போக வேண்டும். குடிக்க வந்தவர்களாலேயே ஊற்றும் பிழைத்தது.

அந்த வருஷம் வெயில் கொளுத்தியது. பக்கத்தில் இருந்த மான்களும் முயல்களும் மலைமேல் ஏறிப்போய்விட்டன. வேறு காடுகளிலிருந்து புதிய விலங்குகள் கூட்டம் கூட்டமாக வந்தன. அவற்றுக்கு இந்தக் காட்டின் மேடுபள்ளம் தெரியாது. பாதைகள் கூடும் இடத்தில் ஒரு மருத மரம் நின்றது. அதில் இருந்த மைனாவிடம்தான் எல்லாம் கேட்டன.

“தண்ணி எங்கே?” என்று கேட்டால், மைனா மூன்று இடங்களை வரிசையாகச் சொல்லும். கேட்டவர்கள் முதல் இடத்துக்கு ஓடுவார்கள். இரண்டாவதை நினைவில் வைத்தவர்கள் கொஞ்சம் பேர். மூன்றாவதை யாரும் காதில் வாங்கியதில்லை.

மைனா எல்லா இடத்துக்கும் பறந்து போய்ப் பார்ப்பதில்லை. எறும்புகள்தான் பாதை பாதையாக ஊர்ந்து போய், எங்கே என்ன இருக்கிறது, அங்கே எத்தனை தடம் போகிறது என்று பார்த்து வந்து சொல்லும். நிறையத் தடம் போகும் இடத்தில் நல்ல சரக்கு இருக்கும் என்பது மைனாவின் கணக்கு.

மைனா சொன்ன மூன்றில் கூர்வாயனின் ஊற்று இல்லை. முதலில் சொன்னது ஒரு மரநாயின் குட்டையை.

நாளாக ஆக ஊற்றில் மணல் சரிந்தது. கூர்வாயன் தனியாக வாரி எறிந்தது. காலையில் எறிந்தால் மாலையில் பாதி மறுபடி உள்ளே கிடந்தது. அதன் மனைவி செம்பி நிறைசூலி. ஊற்று மூடிப்போனால் அந்த வயிற்றோடு செம்பி வெயிலில் அடுத்த காட்டுக்கு நடக்க வேண்டும். நடந்து போய்ச் சேரும் நிலையில் அது இல்லை.

கூர்வாயன் நேராக மருத மரத்தடிக்குப் போய் மைனாவைத் திட்டியது. உழைத்தவனை விட்டுவிட்டு ஊர் சுற்றும் மரநாயைத் தூக்கிப் பிடிக்கிறாயே, உனக்கு என்ன கொடுத்தான் என்று கேட்டது. மைனாவுக்கும் கோபம் வந்தது.

“கூர்வாயண்ணே, உங்க இடத்துல என்ன இருக்குன்னே எனக்குத் தெரியாது. சுத்தி முள்ளைப் போட்டு அடைச்சு வெச்சிருக்கீங்க. எறும்பு எப்படி உள்ள வரும்?”

அது உண்மைதான். போன வருஷம் சில எறும்புகள் ஊற்றில் விழுந்து மிதந்தன. அந்தக் கோபத்தில் கூர்வாயன் இண்டமுள்ளை இழுத்து வந்து சுற்றிலும் அடைத்திருந்தது. தானும் பழகியவர்களும் நுழைய மட்டும் ஒரு சந்து. அதையும் தழை போட்டு மறைத்திருந்தது. கோபம் ஆறினாலும் முள் ஆறவில்லை.

மைனா அதோடு விடவில்லை. வேலிக்கு வெளியே நின்று உள்ளே என்ன இருக்கிறது என்று எறும்புகள் கேட்டனவாம். கூர்வாயன் தன் பாட்டனார் வேங்கைப் புலியை விரட்டிய கதையைச் சொல்லியதாம். பிறகு அப்பா நிலச்சரிவிலிருந்து தப்பிய கதை. பிறகு தன் கோரைப்பல்லின் நீளம். அந்த இடத்துக்கு ‘கூர்வாயன் குலப்பெருமைத் துறை’ என்று பெயர் வைத்திருப்பதாகவும் சொல்லியதாம். எறும்புகள் கால் வலிக்க நின்றுவிட்டுத் திரும்பிவிட்டன.

“தண்ணின்னு ஒரு வார்த்தை சொன்னீங்களா? தாகத்துல வர்ற மானு, குலப்பெருமை எங்கேன்னா கேக்கும்?”

கூர்வாயன் திரும்பி நடந்தது. மைனா பேசியதை அது மறக்கவில்லை. கடைசிவரை மறக்கவில்லை.

வழியில் மரநாய் எதிர்ப்பட்டது. எல்லாவற்றையும் ஒட்டுக்கேட்டிருந்தது.

“மாமா, மைனா வாயில முதல் ஆளா வர்றதுக்கு வித்தை இருக்கு. நான் சொல்லித் தர்றேன்.”

எறும்பு வரும்போதெல்லாம் தண்ணீர் தண்ணீர் தண்ணீர் என்று மூச்சு விடாமல் கத்த வேண்டும். அது முதல் வித்தை. செத்த மானின் குளம்பு ஒன்று மரநாயிடம் இருந்தது. அதை வாயில் கவ்விக்கொண்டு பாதையெங்கும் குத்திக் குத்தி வந்தால், நூறு மான் நடந்த மாதிரித் தடம் விழும். அது இரண்டாவது வித்தை. தண்ணீர் எப்படி இருக்க வேண்டும் என்பதைப் பற்றி அது ஒன்றும் சொல்லவில்லை. குளம்பை இரவலாகத் தருவதாகவும் சொன்னது.

“பதிலுக்கு நான் என்ன தரணும்?” என்று கேட்டது கூர்வாயன்.

“பெருசா ஒண்ணுமில்ல மாமா. தினம் விடியக்காலையில உங்க ஊத்துல வந்து ஒரு வயிறு குடிச்சிட்டுப் போறேன்.”

கூர்வாயன் அதை ஏற இறங்கப் பார்த்தது.

“காடே உன் குட்டைக்கு ஓடுதுங்கிற. உனக்குக் குடிக்க என் ஊத்தா?”

மரநாய் வாலை நக்க ஆரம்பித்தது.

“பாறையைத் தட்டித் தண்ணி எடுத்தவன்டா நான். என் ஊத்துக்குச் செத்த மான் வந்து சாட்சி சொல்ல வேண்டியதில்ல. போடா” என்றது கூர்வாயன். சொல்லிவிட்டுத் தலையை நிமிர்த்திக்கொண்டு நடந்தது. தாகத்தில் நாக்கு வறண்டிருந்தது. ஆனாலும் நிமிர்ந்துதான் நடந்தது.

வீட்டுக்கு வந்து நடந்ததைச் சொன்னது. செம்பி படுத்தபடியே கேட்டது.

“மரநாயை விரட்டினது சரி. மைனா சொன்னதுல என்ன தப்பு? முள்ளை எடுங்க. வாயைத் தொறந்து தண்ணின்னு சொல்லுங்க. என்னால நடக்க முடியாது.”

கூர்வாயன் உறுமியது. பிறகு முள்ளை ஒவ்வொன்றாகப் பிடுங்கித் தூர எறிந்தது. ஒவ்வொரு முள்ளுக்கும் மைனாவை ஒரு திட்டுத் திட்டியது. பாதையிலிருந்து ஊற்றுவரை எறும்பு விழாமல் நடக்கச் சரிவாக வழி செய்தது. மறுநாள் எறும்புகள் வந்து உள்ளே என்ன என்று கேட்டன.

பாட்டனார் கதை கூர்வாயனின் தொண்டைவரை வந்தது. விழுங்கிக்கொண்டது.

“குடிதண்ணி. மணல் ஊத்து. கோடையிலயும் வத்தாது. குட்டிகளும் இறங்கலாம், வழுக்காது.” அதற்குமேல் அடக்க முடியவில்லை. “தோண்டினது கூர்வாயன்” என்றும் சேர்த்தது. அதில் பொய் ஒன்றும் இல்லையே.

எறும்புகள் இறங்கித் தண்ணீரைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போய்ச் சொல்லின. மைனா ஊற்றை மூன்றாவதாகச் சேர்த்தது. கூர்வாயன் மரத்தடிக்குப் பாய்ந்து வந்தது. மூன்றாவதா, நானா என்று கேட்டது. தண்ணீர் இருக்கிறது என்று எல்லாரும்தான் சொல்கிறார்கள், போய்க் குடித்தவர்கள் சொல்லட்டும் என்றது மைனா.

அன்று ஒரு பெண்மான் குட்டியோடு வந்தது. மைனா வழக்கம்போல மரநாயின் குட்டையை முதலில் சொன்னது. மான் போனது. குட்டையில் சேறு மட்டும்தான் இருந்தது. சேற்றின் நடுவில் மரநாய் உட்கார்ந்து தண்ணீர் தண்ணீர் என்று கத்திக்கொண்டிருந்தது. மான் திரும்பி வந்து மறுபடி அதே கேள்வியைக் கேட்டது. அதன் குட்டியால் நிற்கவே முடியவில்லை.

மைனாவுக்கு அப்போதுதான் உறைத்தது. முன்பு குட்டைக்குப் போன கிளைக்கொம்புக் கடமானும் திரும்பி வந்து கேட்டது. முயல்களும் திரும்பி வந்து கேட்டன. தாகம் தீர்ந்தவன் எதற்கு மறுபடி வந்து கேட்கிறான்?

மைனா மானைக் கூர்வாயனின் ஊற்றுக்கு அனுப்பிவிட்டு, எறும்புகளைக் குட்டைக்கு அனுப்பியது. எறும்புகள் இந்தத் தடவை தடத்தை எண்ணவில்லை. ஒவ்வொரு தடத்துக்குள்ளும் இறங்கிப் பார்த்தன. எல்லாக் குழியிலும் ஒரே குளம்பு. எல்லாக் குளம்பிலும் ஒரே இடத்தில் ஒரே உடைசல். நூறு மான் வரவில்லை. செத்துப்போன ஒரு மானின் ஒற்றைக் கால்தான் நூறு தடவை வந்திருந்தது.

பெண்மான் திரும்பி வரவில்லை. அது ஊற்றில் வயிறு நிறையக் குடித்தது. குட்டி கழுத்துவரை இறங்கிக் குடித்தது. இரண்டும் மணலை வாரி எறிந்துவிட்டு, எதிரில் வந்த முயல்களுக்கும் வழி சொல்லிவிட்டுப் போயின. முயல்கள் கடமானுக்குச் சொல்லின. வந்தவர்கள் எல்லாரும் மணல் வாரினார்கள். கரையில் மணல்மேடு வளர்ந்தது. அந்த மேட்டைப் பொய்யாகப் பதிக்க எந்தக் குளம்பாலும் முடியாது. அடியில் ஊற்று கண் திறந்து பொங்கியது.

மைனா குட்டையின் பெயரை எடுத்தே போட்டுவிட்டது. தண்ணீர் எங்கே என்று கேட்டவர்களுக்கெல்லாம் முதலில் கூர்வாயனின் ஊற்றைச் சொன்னது.

செம்பி ஊற்றங்கரை நிழலிலேயே குட்டிகளை ஈன்றது. கூர்வாயன் தினமும் மருத மரத்தடி வழியாக வேண்டுமென்றே நடந்து போகும். மேலே தன் பெயர் கேட்கும்வரை மெதுவாக நடக்கும். மைனாவை மட்டும் நிமிர்ந்து பார்க்காது.

ஒருநாள் மரநாய் நாக்கைத் தொங்கப் போட்டுக்கொண்டு ஊற்றங்கரைக்கு வந்தது. விலங்குகள் எல்லாம் கூர்வாயனைப் பார்த்தன. கூர்வாயன் மணல்மேட்டின் உச்சியில் படுத்திருந்தது. குடிக்கட்டும் என்று தலையை ஆட்டியது. மரநாய் அவசர அவசரமாகக் குடித்துவிட்டு, ஒருமுறை மணலை வாரி எறிந்துவிட்டுக் கிளம்பியது.

“எங்கே போற? ஒருதடவை மத்தவங்களுக்கு. உனக்கு நான் போதும்னு சொல்றவரைக்கும்” என்றது கூர்வாயன்.

மரநாய் வாரிக்கொண்டே இருந்தது. பொழுது சாயும்வரை கூர்வாயன் போதும் என்று சொல்லவில்லை.

வலைத்தளம் வைத்திருப்பவர்களும் வலைப்பூ எழுதுபவர்களும் அறிய வேண்டியது இது: தேடுபவர் கேட்கும் சொல்லிலேயே உள்ளதைச் சொல்லி, வழியை அடைக்காமல் வைத்து, வந்தவரின் தாகத்தைத் தீர்ப்பவனுக்கே தேடுபொறியில் முதலிடம் நிலைக்கும், பொய்த் தடம் பதித்து வாங்கிய இடம் ஒரு கோடைகூடத் தாங்காது.